நகையும் இரக்கமும்

தெருவிலே ஒருவர் நடந்து செல்கிறார். வாழைப்பழத் தோலின்மேல் கால் வைத்து வழுக்கி வீழ்கிறார். கண்டவர் யாது செய்கின்றனர்? முதலில் நகைக்கின்றனர்; பின்னரே கைகொடுக்க ஓடுகின்றனர். சிலரோ நகைப்பதோடு நின்றுவிடுகின்றனர். வீழ்ந்தவர் தம் தந்தையாராகவோ தமையனாராகவோ இருப்பின் அவர்களுக்கு அந்நகை எழுமோ? எழாது. ஆகவே, நகைப்பு என்பது வீழ்ச்சியை மட்டும் பொறுத்ததன்று. வீழ்ந்தவர் நமக்கு யார் என்பதையும் பொறுத்தது.

உள்ளத்தில் நிகழும் உணர்ச்சி உடலின்கண் புலப்படுவதனை மெய்ப்பாடு என்பர் நம் முன்னோர். தொல்காப்பியர் அதனை எட்டாக வகுத்தார். அவ்வெட்டனுள் முதற்கண் வைக்கப்பெற்றது நகை. அதனை அடுத்து நிற்பது அழுகை. நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலும் பேதைமையும் உண்டு. அழுகை பிறக்கும் இடங்களுள் இளிவும் வறுமையும் உண்டு. ஒன்றற்கொன்று மாறானவைபோல் தோன்றும் இவ்விரண்டும், உண்மையில் ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருக்கும் அண்டை வீட்டாரை ஒத்தவை. அச்சுவரில் ஒரு வாயில் திறந்து, நகைத்த வாய் மூடுமுன்னே கண்ணை நனையச் செய்த கலைஞர் ஒருவர் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்தார். தம் புகழ்பெற்ற படங்களுள் பெரும்பாலானவற்றில் ஒரு சொல்லும் பேசாமலே அவர் அதனைச் செய்தார். அவரே சார்லி சாப்ளின்.

இளமையில் வறுமை

சாப்ளின் 1889 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் நாள் பிறந்தார். இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனில், ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த தென்பகுதியில் அவரது இளமை கழிந்தது. தந்தையாரும் தாயாரும் இசையரங்குகளில் பாடி வாழ்ந்தவர்கள். தந்தையார் குடிப்பழக்கத்திற்கு ஆளாகிக் குடும்பத்தைப் பிரிந்தார். 1901 ஆம் ஆண்டில் மறைந்தார். தாயார் ஹானா அம்மையார், சாப்ளினையும் அவருக்கு நான்கு ஆண்டு மூத்தவராகிய சிட்னியையும் தனித்து நின்று வளர்க்க முயன்றார். ஆனால் பாடுவதற்கு வேண்டிய குரல் அவருக்கு மெல்ல மெல்லக் கெட்டுவந்தது.

சாப்ளின் ஐந்து வயதுச் சிறுவராய் இருந்தபோது நிகழ்ந்த ஒன்றைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியுள்ளார். படைவீரர் மிகுந்த ஆல்டர்ஷாட் என்னும் ஊரில் தாயார் மேடையேறிப் பாடினார். பாட்டின் இடையே குரல் உடைந்தது. கூட்டத்தினர் கூச்சலிட்டு எள்ளினர். தாயார் மேடையை விட்டு அகன்றார். அரங்கத் தலைவர் வேறு வழியின்றிச் சிறுவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து மேடையில் நிறுத்தினார். சிறுவர் அஞ்சாது பாடினார். மகிழ்ந்த மக்கள் காசுகளை வீசினர். அவர் பாட்டை நிறுத்தி, முதலில் காசைப் பொறுக்கிக்கொண்டு பின்னர்ப் பாடுவதாக அறிவித்தார்; அரங்கம் நகைத்தது. அதன்பின் அவர் தம் தாயார் பாடுவதுபோல் பாடிக் காட்டினார். அப்போது அவரது குரல் உடைவதையும் அவ்வாறே நடித்துக் காட்டினார். அரங்கம் மேலும் நகைத்தது. தாயின் வீழ்ச்சி மகனின் முதல் வெற்றியாயிற்று. எத்தகைய நகைப்பு அது! கேட்டோர்க்கு அது விளையாட்டு. திரைக்குப் பின் நின்ற தாய்க்கு அது என்னவாக இருந்திருக்கும்?

1896 ஆம் ஆண்டில், வாழ வழியின்றித் தாயும் மக்கள் இருவரும் ஏழையர் விடுதியிற் சேர்ந்தனர். அங்கே தாயையும் பிள்ளைகளையும் வெவ்வேறு பகுதிகளிற் பிரித்து வைத்தனர். பின்னர்ச் சிறுவர் இருவரும் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். தாயாருக்கு மனநோயும் வந்துற்றது. அந்நோயினிடையேயும் அவரிடம் ஓர் அரிய திறன் இருந்தது. சன்னலருகே அமர்ந்து, தெருவிற் செல்வோரின் நடையையும் முகக்குறிப்பையும் கண்டு அவற்றை அவ்வாறே நடித்துக் காட்டுவார். மனிதரை உற்றுநோக்கும் கலையைத் தாம் அத்தாயிடமே கற்றதாகச் சாப்ளின் பின்னாளிற் கூறினார்.

மற்றொரு நிகழ்ச்சியும் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அவர் குடியிருந்த தெரு வழியே ஆடுகளை இறைச்சிக்கூடத்திற்கு ஓட்டிச் செல்வர். ஒருநாள் ஓர் ஆடு தப்பி ஓடிற்று. பிடிக்க முயன்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தனர். சூழ நின்றோர் நகைத்தனர்; சிறுவரும் நகைத்தார். ஆடு பிடிபட்டது. அது போகும் இடம் எது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவில் உறைத்தது. அழுதுகொண்டே தாயிடம் ஓடி, அந்த ஆட்டைக் கொல்லப் போகிறார்களே என்று கதறினார். துன்பமும் நகைப்பும் கலந்த தம் திரைப்படங்களுக்கு அந்நிகழ்ச்சியே வித்தாக இருந்திருக்குமோ என்று அவர் முதுமையில் எண்ணிப் பார்த்தார்.

நாடோடியின் கோலம்

சிறு வயதிலேயே நடனக் குழுவிலும் நாடகங்களிலும் இடம்பெற்ற சாப்ளின், 1908 ஆம் ஆண்டில் பிரெட் கார்னோ என்பவரின் நகைச்சுவைக் குழுவிற் சேர்ந்தார். அக்குழுவினருடன் 1910 ஆம் ஆண்டிலும் 1912 ஆம் ஆண்டிலும் அமெரிக்க நாட்டிற்குச் சென்றார். அங்கே கீஸ்டோன் என்னும் படநிறுவனத்தார் வாரம் 150 டாலர் ஊதியத்தில் அவரை அமர்த்தினர்.

அக்காலத்துப் படங்கள் ஊமைப்படங்கள். நடிகர் பேசுவது கேளாது. இன்றியமையாத இடங்களில் மட்டும் எழுத்துகள் திரையில் தோன்றும். அரங்கில் ஒருவரோ பலரோ அமர்ந்து இசைக்கருவிகளை வாசிப்பர். நடிகர் தம் கருத்தை முகத்தாலும் கையாலும் நடையாலுமே உணர்த்தல் வேண்டும். மொழி இல்லாமை ஒருபால் குறைபாடு. மற்றொருபால் அதுவே பெருவாய்ப்பு. ஒரு மொழியில் அமையாத கலை எல்லா மொழியினர்க்கும் உரியதாயிற்று.

1914 ஆம் ஆண்டில் சாப்ளின் தமக்கென ஒரு கோலத்தை அமைத்துக்கொண்டார். இறுக்கமான மேற்சட்டை, தொளதொளத்த காற்சட்டை, சிறிய தொப்பி, அளவுக்கு மீறிப் பெரிய காலணிகள், ஒரு கைத்தடி, வயதைக் கூட்டிக் காட்டுவதற்கு ஒரு சிறு மீசை. மீசை பெரிதாயின் முகக்குறிப்பை மறைத்துவிடும் என்று கருதியே அதனைச் சிறிதாக வைத்துக்கொண்டார்.

இக்கோலத்தைச் சற்று உற்றுநோக்குவோம். தொப்பியும் கைத்தடியும் செல்வச் சீமானுக்கு உரியவை. காற்சட்டையும் காலணியும் தெருவில் திரியும் ஏழைக்கு உரியவை. மேற்பாதி 'யானும் மதிப்புடையவன்' என்று கூறுகிறது. கீழ்ப்பாதி அதனை மறுக்கிறது. நகைப்பு இம்முரணிற் பிறக்கிறது. இரக்கமும் இதே முரணிற் பிறக்கிறது. ஏழை ஒருவன் தன் மானத்தைத் தொப்பியைப்போல் தலைமேல் வைத்துக் காக்கிறான். உலகம் அதனை மீண்டும் மீண்டும் தட்டிவிடுகிறது. அவன் குனிந்து எடுத்து, தூசி தட்டி, மீண்டும் அணிந்துகொள்கிறான். சாப்ளினின் படங்கள் அனைத்தையும் இவ்வொரு செயலுக்குள் அடக்கிவிடலாம்.

இந்நாடோடி மக்கள் முன் முதன்முதல் தோன்றிய படம், சிறுவர்களின் வண்டிப் பந்தயம் ஒன்றைப் பற்றியது. பந்தயத்தைப் படம்பிடிக்க வந்தவரின் கருவிக்கு எதிரே இவன் வந்து வந்து நிற்கிறான். அவர் பிடித்துத் தள்ளுகிறார், மீண்டும் வருகிறான், மீண்டும் தள்ளப்படுகிறான். ஆம், அவன் உலகத்தின் முன் தோன்றியபோதே தள்ளப்பட்டவனாகத்தான் தோன்றினான். ஆயினும் அவனை உலகம் விடவில்லை. 1916 ஆம் ஆண்டில் சாப்ளினின் ஊதியம் வாரம் 10,000 டாலராக உயர்ந்தது. 1919 ஆம் ஆண்டில் அவர், மேரி பிக்போர்டு, டக்ளஸ் பேர்பாங்க்ஸ், கிரிபித் என்னும் மூவருடன் கூடி ‘யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஏழையர் விடுதியில் வளர்ந்தவர் பெருஞ்செல்வரானார். ஆயினும் திரையில் அவர் ஏழையாகவே நின்றார்.

1921 ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிறுவன்' என்னும் படத்தில் அவருடைய இளமைத் துயரம் நேராகவே தலைகாட்டுகிறது. கைவிடப்பட்ட குழந்தை ஒன்றை நாடோடி எடுத்து வளர்க்கிறான். இருவரும் பிழைக்கும் முறை நகைப்பிற்குரியது. சிறுவன் வீடுகளின் சன்னற் கண்ணாடிகளைக் கல்லெறிந்து உடைப்பான். சிறிது நேரத்தில் நாடோடி, கண்ணாடி பொருத்துபவனாய் அத்தெருவில் வந்து நிற்பான். இவ்வாறு நகைத்துக்கொண்டிருக்கும்போதே, விடுதி அலுவலர்கள் சிறுவனைப் பிடித்து வண்டியில் ஏற்றுகின்றனர். சிறுவன் கைகளை நீட்டிக் கதறுகிறான். நாடோடி கூரைகளின்மேல் ஏறி ஓடி, வண்டியிற் குதித்து, அவனை மீட்டு மார்போடு அணைக்கிறான். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளையின் அழுகையைச் சாப்ளின் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

பசியும் பண்பாடும்

1925 ஆம் ஆண்டில் வெளிவந்தது 'பொன்வேட்டை' என்னும் படம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வடகோடிப் பனிநாடாகிய கிளாண்டைக்கில் பொன் கிடைக்கிறது என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் ஓடினர். பலர் பசியாலும் குளிராலும் மடிந்தனர். அந்நிகழ்ச்சியே இப்படத்தின் பின்னணி.

பனிப்புயலில் சிக்கிய நாடோடியும் மற்றொருவனும் ஒரு குடிலிற் கிடக்கின்றனர். உணவு இல்லை. அமெரிக்கர் நன்றி செலுத்தி விருந்துண்ணும் திருநாள் வருகிறது. நாடோடி தன் காலணிகளுள் ஒன்றைக் கழற்றி வேகவைக்கிறான். வெந்துவிட்டதா என்று முள்கரண்டியாற் குத்திப் பார்க்கிறான். தட்டில் எடுத்து வைத்து, அதன்மேல் சாறு ஊற்றுகிறான். மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் தனியே பிரித்து இருவர்க்கும் பங்கிடுகிறான். பின்னர் நாடாவை முள்கரண்டியிற் சுற்றிச் சுவைக்கிறான். ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எலும்பைச் சூப்புவார்போல் சூப்பி, தட்டின் ஓரத்தில் வைக்கிறான்.

இக்காட்சியைக் கண்டு நகையாதார் இலர். ஆனால் நம்மை நகைக்கச் செய்வது எது? பசி நகைப்பிற்குரியது அன்று. தோலைத் தின்பதும் நகைப்பிற்குரியது அன்று. அத்தகைய கொடும் பசியிலும் அவன் விருந்தினனை உபசரிக்கும் முறையிற் சிறிதும் தவறாமல் இருக்கிறானே, அதுவே நகைப்பை விளைக்கிறது. வயிறு விலங்கின் நிலைக்கு இழுக்கிறது. கை மனிதனின் நிலையை விடாது பற்றிக்கொண்டிருக்கிறது. துன்பம் வந்தபோது நகுமாறு திருவள்ளுவர் அறிவுறுத்தினார். அந்நகை துன்பத்தை மறப்பதற்காக அன்று. துன்பத்திற்குத் தோற்காமல் அதன்மேல் ஏறி நிற்பதற்காக. அந்நிலையை இக்காலணி விருந்திற் கண்ணாரக் காண்கிறோம்.

அப்படத்திலேயே மற்றொரு விருந்தும் உண்டு. தான் விரும்பிய பெண்ணையும் அவள் தோழியரையும் ஆண்டின் கடைசி இரவில் விருந்திற்கு அழைத்துவிட்டு, மேசையை அழகுற அமைத்துக் காத்திருக்கிறான் நாடோடி. நேரம் ஆகிறது. அவன் உறங்கிவிடுகிறான். கனவில் அவர்கள் வந்து அமர்கின்றனர். அவர்களை மகிழ்விப்பதற்காக இரண்டு முள்கரண்டிகளில் இரண்டு சிறு ரொட்டிகளைக் குத்தி, அவற்றையே கால்களாக்கி மேசைமேல் நடனம் ஆடச் செய்கிறான். அந்நடனம் உலகப்புகழ் பெற்றது. ஆயினும் அது கனவில் ஆடப்பட்ட நடனம் என்பதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவன் விழிக்கும்போது நாற்காலிகள் வெறுமையாகவே இருக்கின்றன.

கண் காட்டாததைக் கை காட்டிற்று

1927 ஆம் ஆண்டிற்குப்பின் திரைப்படங்கள் பேசத் தொடங்கின. ஊமைப்படங்களைத் தேடுவார் குறைந்தனர். சாப்ளினோ தம் நாடோடியைப் பேசவைக்க மறுத்தார். அவன் ஆங்கிலம் பேசினால் ஆங்கிலேயன் ஆகிவிடுவான். பேசாதவரையில் அவன் எல்லா நாட்டிற்கும் உரியவன். ஆகவே, பேசும் படங்கள் பெருகிய காலத்திலே, இசையை மட்டும் இணைத்து 'நகர விளக்குகள்' என்னும் பேசாப் படத்தை 1931 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வெளியிட்டார். அறிவியல் மேதை ஐன்ஸ்டைன் அன்று அவருடன் அமர்ந்து அப்படத்தைக் கண்டார்.

பூ விற்கும் பெண் ஒருத்தி பார்வை இல்லாதவள். அவள் நாடோடியைப் பெருஞ்செல்வன் என்று எண்ணிவிடுகிறாள். இதுவே கதை. பேச்சே இல்லாத படத்தில், பார்வை இல்லாத ஒருத்தி ஓர் ஏழையைச் செல்வன் என்று எவ்வாறு எண்ணக்கூடும்? இச்சிக்கலைத் தீர்க்கச் சாப்ளின் நெடுநாள் வருந்தினார். அவ்வொரு காட்சியை 300 முறைக்கு மேல் திரும்பத் திரும்பப் படம்பிடித்தார் என்பர். இறுதியிற் கிடைத்த விடையோ மிக எளியது. தெருவில் வண்டிகள் நெருங்கி நிற்கின்றன. நாடோடி, நின்றிருந்த மோட்டார் வண்டி ஒன்றின் ஒருபுறக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து மறுபுறம் இறங்கிக் கதவைச் சாத்துகிறான். அவ்வோசையைக் கேட்ட பெண், வண்டியில் வந்த செல்வர் என்று கருதிப் பூவை நீட்டுகிறாள். கீழே விழுந்த பூவை அவள் தடவித் தேடும்போதுதான் அவளுக்குப் பார்வை இல்லை என்பது அவனுக்குத் தெரிகிறது. தன்னிடம் இருந்த காசைக் கொடுத்து அதனை வாங்குகிறான். மீதிச் சில்லறையை அவள் எடுக்கும் வேளையில், வண்டிக்கு உரியவர் வந்து ஏறிக் கதவைச் சாத்திச் செல்கிறார். கொடையாளர் சில்லறை வாங்காமலே போய்விட்டார் என்று அவள் எண்ணுகிறாள். அவள் எண்ணத்தைக் கலைக்க மனமின்றி, அவன் அடிமேல் அடிவைத்து விலகி, சற்று அப்பால் அமர்ந்து அவளையே நோக்குகிறான். காண்போர் உள்ளம் உருகும் அந்நேரத்தில், அவள் பூச்சாடியைக் கழுவிய நீரை வீசுகிறாள். அது நேரே அவன் முகத்தில் விழுகிறது. உருகிய நாம் உடனே நகைக்கிறோம். இதுதான் சாப்ளின்.

அந்நகரில் ஒரு செல்வனும் இருக்கிறான். குடித்திருக்கும்போது நாடோடியைத் தோழன் என்று தழுவுவான். மயக்கம் தெளிந்தபின் யார் இவன் என்று வெளியே தள்ளுவான். கண்ணுள்ளவன் அவனை அறியவில்லை. கண்ணில்லாதவள் அவன் அன்பை அறிந்தாள். அப்பெண்ணின் கண் மருத்துவத்திற்கு வேண்டிய பொருளை நாடோடி அச்செல்வனிடம் பெற்று அவளிடம் சேர்க்கிறான். ஆனால் திருடினான் என்னும் பழியைச் சுமந்து சிறைக்குச் செல்கிறான்.

இனி இறுதிக் காட்சி. பெண் பார்வை பெற்றுவிட்டாள். பூக்கடை வைத்துச் செழிப்பாக வாழ்கிறாள். செல்வர் எவரேனும் கடைக்குள் நுழைந்தால், தனக்கு உதவியவர் இவர்தாமோ என்று ஏங்குகிறாள். சிறையிலிருந்து மீண்ட நாடோடி, கிழிந்த உடையுடன், தெருச் சிறுவர்கள் எள்ளி விளையாட, அக்கடையின் எதிரே வந்து நிற்கிறான். அவளைக் கண்டதும் அசையாது நிற்கிறான். கந்தல் அணிந்த ஒருவன் தன்னையே நோக்கி மகிழ்ந்து நிற்பதைக் கண்டு அவள் நகைக்கிறாள். இரங்கி ஒரு பூவும் ஒரு காசும் கொடுக்க முன்வருகிறாள். அவன் நாணி விலக, அவள் அவன் கையைப் பிடித்துக் காசை வைக்கிறாள். கை கையைத் தொட்டதும் நகைப்பு நின்றுவிடுகிறது. கண் காட்டாததைக் கை காட்டிற்று. அவள் உணர்கிறாள். அவன் விரலைக் கடித்துக்கொண்டு, மகிழ்ச்சியும் அச்சமும் கலந்த முகத்துடன் அவளை நோக்குகிறான். படம் முடிகிறது.

அதன்பின் அவ்விருவரும் யாதாயினர்? சாப்ளின் கூறவில்லை. கூறவேண்டுவதும் இல்லை. ஏனெனில், அக்காட்சியில் நின்றவள் அப்பெண் மட்டும் அல்லள். நாமும் அங்கே நிற்கிறோம். படம் முழுவதும் அவனைக் கண்டு நகைத்தவர்கள் நாம். 'நீ நகைத்தது யாரைக் கண்டு?' என்று அக்காட்சி நம்மையே வினவுகிறது.

இயந்திரமும் மனிதனும்

அதே 1931 ஆம் ஆண்டில், வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்றிருந்த காந்தியடிகளைச் சாப்ளின் சந்தித்தார். செப்டம்பர் 22 ஆம் நாள், ஏழை மக்கள் வாழும் கிழக்கு இலண்டனில், ஓர் எளிய வீட்டில் அச்சந்திப்பு நிகழ்ந்தது. அடிகள் இயந்திரங்களை ஏன் வெறுக்கிறார் என்று சாப்ளின் வினவினார். இயந்திரம் இந்தியாவை இங்கிலாந்திற்கு அடிமைப்படுத்தியது. ஆதலின் தம் ஆடையைத் தாமே நூற்று நெய்துகொள்வது நாட்டுக் கடமையாயிற்று என்னும் கருத்துப்பட அடிகள் விளக்கினார். திரைப்படத்தை நாடாத துறவியும் திரைப்படத்தால் உலகை ஆண்ட கலைஞரும் ஏழைகளின் நலம் பற்றி உரையாடினர்.

1936 ஆம் ஆண்டில் 'நவீன காலம்' என்னும் படம் வெளிவந்தது. நாடோடி இங்கே தொழிற்சாலைத் தொழிலாளி. ஓடும் பட்டையின்மேல் வரும் திருகுகளை முடுக்குவதே அவன் வேலை. மூக்கைச் சொறியவும் நேரம் இல்லை. வேலை நின்றபின்னும் அவன் கைகள் தாமாகவே முடுக்கிக்கொண்டிருக்கின்றன. உண்ணும் நேரத்தையும் மிச்சப்படுத்தக் கருதி, உணவு ஊட்டும் இயந்திரம் ஒன்றை அவன்மேல் சோதிக்கின்றனர். அது பழுதாகி அவன் முகத்தில் அறைகிறது. இறுதியில் அவனே பல்சக்கரங்களுக்குள் விழுங்கப்படுகிறான். இவற்றைக் கண்டு நகைக்கிறோம், நகைத்தபின் அஞ்சுகிறோம். கருவி மனிதனுக்காகவா, மனிதன் கருவிக்காகவா என்னும் வினா இன்றும் விடை தேடி நிற்கிறது. நாடோடி திரையில் தோன்றிய கடைசிப் படம் இதுவே. முன்னைய படங்கள் சிலவற்றின் முடிவில் தனியே நடந்து மறைந்தவன், இப்படத்தில் துணை ஒருத்தியுடன் நெடுஞ்சாலையில் நடந்து செல்கிறான்.

எள்ளலுக்கு உரியவர் யார்?

எளியவனைக் கண்டு எள்ளுவது இழிவு. ஆனால் எள்ளலே தீது என்று கூறலாமோ? கூடாது. சாப்ளின் பிறந்த நான்கு நாளில் ஆஸ்திரிய நாட்டில் ஒருவன் பிறந்தான். அவனும் சிறு மீசை வைத்திருந்தான். அவனே ஜெர்மனியின் கொடுங்கோலனாகிய ஹிட்லர். உலகம் அவனைக் கண்டு அஞ்சிய காலத்தில், 1940 ஆம் ஆண்டில், சாப்ளின் 'மாபெரும் சர்வாதிகாரி' என்னும் படத்தை வெளியிட்டார். அப்போது அமெரிக்கா போரில் இறங்கவில்லை.

சாப்ளின் முழுவதும் பேசி நடித்த முதற்படம் இது. கொடுங்கோலனாகவும், அவனைப்போலவே தோற்றம் உடைய யூத நாவிதனாகவும் அவரே நடித்தார். உலக உருண்டை வடிவான காற்றுப்பந்து ஒன்றைக் கொடுங்கோலன் கையால் தூக்கியும் தலையால் முட்டியும் களித்து ஆடுகிறான். இறுதியில் அது அவன் கையிலேயே வெடித்துவிடுகிறது. பல சொற்பொழிவுகள் உணர்த்தாத ஒன்றை அச்சில நொடிகள் உணர்த்தின. படத்தின் இறுதியில், கொடுங்கோலன் என்று தவறாக எண்ணப்பட்ட நாவிதன் மக்கள் முன் நின்று, அன்பையும் விடுதலையையும் வேண்டிப் பேசுகிறான். கலைக்கு அப்பேச்சு பொருந்தவில்லை என்றாரும் உண்டு. பேசமாட்டேன் என்று பதின்மூன்று ஆண்டு வாய்மூடி நின்ற கலைஞர், பேசியே ஆகவேண்டிய வேளை வந்தபோது பேசினார் என்றே நாம் கொள்ளலாம்.

ஹிட்லரின் சிறைமுகாம்களில் நிகழ்ந்த கொடுமைகளின் முழு அளவையும் முன்னரே அறிந்திருப்பின் இப்படத்தை எடுத்திருக்கமாட்டேன் என்று சாப்ளின் பின்னர் எழுதினார். நகைப்பிற்கும் ஓர் எல்லை உண்டு என்பதனை நகைச்சுவைக்கே வாழ்ந்தவர் உணர்ந்திருந்தார்.

பிற்கால வாழ்வு

1952 ஆம் ஆண்டில், தம் புதிய படத்தின் வெளியீட்டிற்காகச் சாப்ளின் இலண்டனுக்குக் கப்பலேறினார். அவருடைய அரசியற் கருத்துகளை ஐயுற்ற அமெரிக்க அரசு, அவர் திரும்பிவரும் உரிமையை அவர் கடலில் இருக்கும்போதே நீக்கிவிட்டது. அவர் சுவிட்சர்லாந்து நாட்டிற் குடியேறினார். இருபது ஆண்டு கழித்து, 1972 ஆம் ஆண்டில், அதே அமெரிக்கா அவரை அழைத்துச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கிற்று. முதியவர் மேடையில் நின்றார். அவையினர் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். அவர் 1977 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள் மறைந்தார்.

சாப்ளின் குறையற்ற மனிதர் அல்லர். அவருடைய இல்வாழ்க்கையில் முறிவுகள் இருந்தன. உடன் பணிசெய்தோரிடம் கடுமை காட்டியதும் உண்டு. அவற்றை மறைக்கவேண்டுவதில்லை. நாம் அவரிடம் கற்பது அவருடைய கலை தரும் பாடத்தையே.

மாணவ மணிகளே! நகைப்பு நல்லது, நகைக்கத் தெரியாதவன் வாழ்வு வறண்ட நிலம். ஆயினும் நகைக்குமுன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வகுப்பிலே திக்கிப் பேசுபவன் ஒருவன் இருக்கலாம். தைத்த சட்டையையே மீண்டும் தைத்து அணிந்து வருபவன் ஒருவன் இருக்கலாம். விளையாட்டில் ஓடும்போதெல்லாம் விழுபவன் ஒருவன் இருக்கலாம். அவனைக் கண்டு நீங்கள் நகைத்தபின், அவன் கையைப் பிடித்து அவன் முகத்தை நேரே நோக்க உங்களால் இயலுமா? இயலுமாயின், அந்நகை அவனையும் மகிழ்விக்கும் நகை. இயலாதாயின், அந்நகையை உங்கள் இதழிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கையோடு கை சேரும்போது மறையாத நகையே உண்மையான நகை.

பயிற்சி வினாக்கள்

1. ஆல்டர்ஷாட் அரங்கில் நிகழ்ந்தது யாது? அதனைத் 'தாயின் வீழ்ச்சி மகனின் முதல் வெற்றியாயிற்று' என்று ஆசிரியர் கூறுவது ஏன்?
2. நாடோடியின் கோலத்தில் உள்ள முரணை விளக்குக.
3. காலணி விருந்துக் காட்சியில் நகைப்பை விளைப்பது எது?
4. பூ விற்கும் பெண் நாடோடியைச் செல்வன் என்று எண்ணியது எவ்வாறு?
5. 'கண் காட்டாததைக் கை காட்டிற்று' - இடம் சுட்டிப் பொருள் விளக்குக.
6. எளியவரை எள்ளுவதற்கும் கொடியவரை எள்ளுவதற்கும் உள்ள வேறுபாட்டை உம் சொற்களில் ஒரு பத்தி எழுதுக.